நகத்துக்கு அடியில் தோல் புற்றுநோய்: கறுப்புக் கோடு இல்லாதபோது எப்படிச் சந்தேகிப்பது?

கேள்வி இதுதான்: "நகத்தில் கறுப்புக் கோடு விழுந்தால் புற்றுநோயாக இருக்கலாம் என்கிறார்கள். கோடே இல்லாமலும் வருமாமே? நகச்சொத்தை, நகச்சுற்று, அடிபட்ட இரத்தக்கட்டு இவற்றிலிருந்து அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?"

வரும். கோடு இல்லாமல் வருவதுதான் அதிகம் தவறவிடப்படுகிறது. நகத்தடியில் வரும் தோல் புற்றுநோய்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று நிறமிச் செல்களில் தொடங்கும் மெலனோமா. மற்றது மேல்தோல் செல்களில் தொடங்கும் செதிள் செல் புற்றுநோய். அது மேல்தோலைத் தாண்டாமல் இருக்கும் ஆரம்பக் கட்டத்துக்குப் போவன் நோய் என்று பெயர். நகத்தடி மெலனோமாவிலேயே ஏறத்தாழ நான்கில் ஒன்றில் கறுப்பு நிறம் இருக்காது, அல்லது தேடினால்தான் தெரியும். செதிள் செல் வகையோ பெரும்பாலும் மரு மாதிரி, சொத்தை மாதிரி, ஆறாத நகச்சுற்று மாதிரிதான் இருக்கும். ஆகவே நிறத்தை மட்டும் தேடுகிறவர் பாதியைத்தான் தேடுகிறார்.

நிறத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஒரு விரலா, பல விரலா? சொரியாசிஸ், லைக்கன் பிளானஸ் போன்ற தோல் அழற்சி நோய்கள், மருந்துகளின் விளைவு, சத்துக் குறைவு எல்லாம் பெரும்பாலும் பல நகங்களைத் தொடும். புற்றுநோய் பெரும்பாலும் ஒரே நகத்தில் உட்கார்ந்துகொள்ளும். மற்ற ஒன்பதும் நன்றாக இருக்க, ஒரு நகம் மட்டும் மாதக்கணக்கில் வேறு மாதிரி நடந்துகொண்டால் அதற்குத் தனிக் காரணம் தேட வேண்டும். அந்த ஒன்று கட்டைவிரலாகவோ கால் பெருவிரலாகவோ இருந்தால் சந்தேகம் ஒரு படி கூடும்; மெலனோமா அதிகம் வருவது அந்த இரண்டிலும்தான்.

அடுத்தது நகம் வளரும் விதம். நகத்தின் அடியில், தோல் மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது நகவேர். வெள்ளைப் பிறையாகத் தெரிவது அதன் முன்பகுதி. நகத்தகடு முழுவதும் அங்கேதான் உற்பத்தியாகி முன்னோக்கி நகர்கிறது: கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ., கால் நகம் அதில் பாதியோ அதற்கும் குறைவோ. கை நகம் முழுதாகப் புதிதாக ஏறத்தாழ 6 மாதம், கால் பெருவிரல் நகத்துக்கு 12 முதல் 18 மாதம். இந்தக் கணக்குத் தெரிந்தால் பாதி விஷயம் தெளிந்துவிடும். நகத்தோடு சேர்ந்து நகர்ந்து போவது தகட்டில் ஒட்டியிருப்பது. நகராமல் அங்கேயே நிற்பது அடியில் வேர் கொண்டிருப்பது.

இரத்தக்கட்டைச் சோதிக்க இதை அப்படியே பயன்படுத்தலாம். கறையின் பின்விளிம்பு, அதாவது தோல் மடிப்பை நோக்கிய ஓரம், எங்கே முடிகிறதோ அதற்கு நேர் மேலே நகத்தில் ஒரு நக அரத்தால் மெல்லிய குறுக்குக் கீறல் போடுங்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் புகைப்படம் எடுங்கள். 4 வாரம் கழித்து அதே வெளிச்சத்தில் மறுபடி எடுங்கள். கீறலும் கறையும் சேர்ந்தே முன்னால் போயிருந்து, பின்னால் சுத்தமான புது நகம் தெரிந்தால் அது இரத்தக்கட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கீறல் நகர்ந்துவிட்டது, கறை மட்டும் அதே இடத்தில் நிற்கிறது, அல்லது கறையின் வால் மடிப்புக்குள் போய்க்கொண்டே இருக்கிறது என்றால் காத்திருக்கக் கூடாது. இரத்தம் பொதுவாக உருண்டைத் திட்டுகளாக, ஊதாவோ கருஞ்சிவப்போ கலந்து, ஓரம் தெளிவாக இருக்கும். வேரிலிருந்து நுனிவரை நேர்கோடாக ஓடுவது அபூர்வம்.

ஒரு எச்சரிக்கை: இரத்தம் இருக்கிறது என்பதாலேயே கட்டி இல்லை என்றாகிவிடாது. நகத்தடிக் கட்டிகளும் கசியும். அடிபட்ட ஞாபகம் இருப்பதும் அப்படியே; அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் கண்ணை மறைத்துவிடும். ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் மெலனோமா இருப்பது 1977-ல் கண்டறியப்பட்டது. முதலில் அது கால்பந்தாட்டத்தில் பட்ட காயமாகத்தான் எண்ணப்பட்டது. 1981 மே மாதம் அவர் இறந்தபோது வயது 36.

இனிக் கறுப்புக் கோடு. கருமையான தோல் உள்ளவர்களுக்கு வயது ஏற ஏற நகங்களில் பழுப்புக் கோடுகள் விழுவது சர்வ சாதாரணம். பல விரல்களில், ஒரே சீரான நிறத்தில், ஓரம் நேராக, ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சந்தேகிக்க வேண்டியவற்றை ஆங்கில எழுத்து வரிசையில் ஏ முதல் எஃப் வரை அடுக்கி 2000-ல் ஒரு விதி வந்தது. மருத்துவர்கள் இன்றும் அதைத்தான் மனத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். வயது 50 முதல் 70-க்குள். கோட்டின் அகலம் 3 மி.மீ. அல்லது மேல், ஓரம் மங்கல். அண்மையில் மாறியது, அல்லது சிகிச்சைக்கும் மாறாத நகக் கோளாறு. ஒரே விரல், குறிப்பாகக் கட்டைவிரல். நிறம் நகத்தைத் தாண்டித் தோலுக்குப் பரவியது. தனக்கோ குடும்பத்திலோ மெலனோமா இருந்தது. என் கணிப்பில் இவற்றில் கனமானவை மாற்றமும் பரவலும்தான். வயது கணக்கை வைத்து 35 வயதுக்காரரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

அகலத்தைவிட வடிவம் அதிகம் சொல்லும். கோடு தோல் மடிப்பருகே அகலமாகவும் நுனியில் குறுகலாகவும் இருந்தால் யோசியுங்கள்: நுனியில் இருப்பது பல மாதங்களுக்கு முன் உற்பத்தியானது, மடிப்பருகே இருப்பது போன வாரத்தியது. அப்படியானால் நிறமி ஊறும் இடம் விரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தோலை ஒளியோடு பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் கருவியில் பார்க்கும்போது ஒரே கோட்டுக்குள் பல இழைகள் தெரியும். அவை ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே தடிமனில் இருந்தால் நல்லது. நிறமும் இடைவெளியும் தடிமனும் கலைந்து, இழைகள் இணையாக ஓடாமல் முறிந்தால் நல்லதல்ல.

தோலுக்குப் பரவிய நிறத்துக்கு ஹட்சின்சன் அடையாளம் என்று பெயர். ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் 19-ம் நூற்றாண்டிலேயே இதை விவரித்திருக்கிறார். இதில் ஒரு கண்கட்டு உண்டு. நகக்கண் ஓரத்துச் சவ்வு கண்ணாடி மாதிரி மெல்லியது. அடியில் இருக்கும் கோடு அதன் வழியே தெரியும்போது தோலே கறுத்த மாதிரி தோன்றும். விரலால் அந்தச் சவ்வை லேசாகப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். தோல் நகரும்போது கறுப்பும் தோலோடு நகர்ந்தால் நிறம் தோலில் இருக்கிறது. தோல் நகர்ந்து கறுப்பு அங்கேயே நின்றால் அது அடியிலிருந்து தெரிவது. இது வீட்டில் பார்த்துக்கொள்ள. முடிவு சொல்ல டெர்மோஸ்கோப் வேண்டும். நுனித் தோலையும், பக்கவாட்டு மடிப்புகளையும் பார்க்க மறக்கிறார்கள். நிறம் அங்கேயும் வழியும்.

நிறமில்லாத மெலனோமாவுக்கு வருகிறேன். இது பெரும்பாலும் ஒரு சிவந்த, ஈரமான சதைக்கட்டியாக வரும். தொட்டால் இரத்தம் கசியும். நகம் அந்த இடத்தில் மெலிந்து, பிளந்து, சில சமயம் பாதி காணாமலே போயிருக்கும். பார்க்கிறவருக்கு உடனே தோன்றுவது: கால் விரலானால் உள்வளர்ந்த நகம், கை விரலானால் இரத்தச் சதை, அதாவது எளிதில் இரத்தம் கசியும் தீங்கற்ற சதை வளர்ச்சி. இரண்டும் சகஜமானவை, ஆகவே அந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பிழை நடப்பது அடுத்த படியில். சதையைச் சுரண்டியோ சுட்டோ எடுத்து, எடுத்ததைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் திரும்ப வளர்கிறது, திரும்பச் சுடுகிறார்கள். நகத்தடியிலிருந்து வெட்டி எடுத்த எந்தத் திசுவும், எவ்வளவு அற்பமாகத் தெரிந்தாலும், நோய்க்கூறியல் பரிசோதனைக்குப் போக வேண்டும். முதல் முறையே. இரத்தச் சதைக்குக் காரணமும் கேட்டுப் பார்க்க வேண்டும்: காயம், இறுக்கமான காலணி, சில மருந்துகள், கர்ப்பம். காரணம் எதுவும் கிடைக்காத, வலியே இல்லாத, ஒற்றை விரல் சதைதான் கவலைக்குரியது. கட்டியின் அடிவாரத்திலோ பக்கத் தோலிலோ பழுப்பு நிறம் பொடி தூவிய மாதிரி எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று உருப்பெருக்கி வைத்துத் தேடுவார்கள். இருந்தால் துப்பு. இல்லாததால் விடுதலை இல்லை.

செதிள் செல் வகை இன்னும் தந்திரமானது. நகத்தடியில் வரும் புற்றுநோய்களில் எண்ணிக்கையில் முதலிடம் இதற்கே. நடுவயது தாண்டிய ஆண்களில், கை விரல்களில், கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் ஆகியவற்றில் அதிகம் பார்க்கலாம். மெதுவாக வளரும், ஐந்து, பத்து ஆண்டு மரு என்ற பெயரிலேயே வாழ்ந்துவிடும். பக்கவாட்டு மடிப்பின் உட்புறம் தோல் சொரசொரவென்று தடித்து, செதில் உதிர்ந்து, சின்ன வெடிப்போடு இருக்கும். அந்தப் பக்கத்து நகம் மட்டும் அடியிலுள்ள தோலான நகப்படுக்கையிலிருந்து தூக்கிக்கொள்ளும். அடியில் தூள் மாதிரியான கெட்டிப்பொருள் சேரும். அவ்வப்போது நீர் கசியும். பூஞ்சை மருந்தில் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும், மறுபடி வரும். சிலருக்கு வெளிப்படுவது ஒரு சிவப்புக் கோடாகவோ வெள்ளைக் கோடாகவோ மட்டும் இருக்கும். கருமையான தோல் உள்ளவர்களுக்குக் கறுப்புக் கோடாகவும் வந்து மெலனோமா வேடம் போடும்.

இதற்குப் பின்னால் பலரிடம் ஹெச்பிவி (மனித பாப்பிலோமா வைரஸ்) 16-ம் வகை இருக்கிறது, பிறப்புறுப்புப் புற்றுநோய்களுக்குக் காரணமான அதே வகை. ஆர்சனிக், கதிர்வீச்சு, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும். வைரஸ் வழி வருவதால் முன்னே சொன்ன ஒற்றை விரல் விதியை இது சில சமயம் மீறும்: ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று விரல்களில் போவன் நோய் வந்த நிகழ்வுகள் உண்டு. நகத்தில் இது உறுதியானால் பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் பரிசோதிப்பதும், துணைவருக்குப் பரிசோதனை செய்வதும் அதனால்தான். கேட்கவே சங்கடமான கேள்வி. மருத்துவரே கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

மருவா இதுவா என்று எப்படிப் பிரிப்பது? கண்ணால் முடியாது, நேரத்தால் ஓரளவு முடியும். சின்ன வயதில், பல விரல்களில், நகம் கடிக்கும் பழக்கத்தோடு வருவது மருவாக இருக்கலாம். 40 தாண்டிய ஒருவருக்கு ஒரே விரலில் புதிதாக வந்த மரு, முறையான சிகிச்சைக்கு 3 மாதத்தில் அசையவில்லை என்றால் திசு எடுக்க வேண்டும். நகச்சொத்தைக்கும் இதே கணக்கு. மாத்திரை தொடங்கும் முன் நகத்துண்டைச் சோதித்துப் பூஞ்சை இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். சோதனையில் பூஞ்சை தெரிந்தாலும் கதை முடிந்துவிடாது. கட்டி தூக்கிவிட்ட நகத்துக்கு அடியில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வாடகைக்குக் குடியேறும். மருந்து முடிந்தும் மடிப்பருகே வளரும் புது நகம் சுத்தமாக வரவில்லையா, அடியில் வேறு ஏதோ இருக்கிறது.

சிவப்புக் கோடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நகவேரின் ஒரு புள்ளியில் சிறு மேடு உண்டானால், அதன் மேல் வளரும் தகட்டின் அடிப்பக்கம் மெலிந்து ஒரு வாய்க்கால் மாதிரிப் பள்ளமாகும். அந்தப் பள்ளத்துக்குள் இரத்தம் நிறைந்த படுக்கைத்தோல் புடைத்துக்கொள்ள, வெளியிலிருந்து நீளச் சிவப்புக் கோடாகத் தெரிகிறது. மெலிந்த தகடு நுனியில் பலம் இழந்து 'வி' வடிவில் பிளக்கிறது. ஒரு விரலில் இப்படி இருந்து, கோட்டுக்குள் சிலாம்பு குத்திய மாதிரி கருஞ்சிவப்பு இழைகள் தெரிந்து, நுனியில் நகத்தடியைப் பார்த்தால் குண்டூசித் தலையளவு கெட்டியான மொட்டு இருந்தால், அது பெரும்பாலும் ஆனிகோபாப்பிலோமா என்ற தீங்கற்ற கட்டி. மாறாமல் இருந்தால் கண்காணித்தால் போதும். அகலமானால், வலித்தால், பிளவு பெரிதானால் எடுத்துப் பார்ப்பார்கள், ஏனென்றால் போவன் நோயும் இதே உடையில் வரும்.

இந்தக் கட்டி பல நகங்களில் இருந்தால் விஷயம் வேறு. பிஏபி1 என்ற மரபணுவில் பிறவிக் குறை உள்ளவர்களுக்குத் தோல் மற்றும் கண் மெலனோமா, சிறுநீரகப் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா ஆகியவற்றின் ஆபத்து அதிகம். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்டது: 35 குடும்பங்களைச் சேர்ந்த, இந்தக் குறை உள்ள 47 பேரைப் பார்த்ததில், 30 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் சுமார் 88 விழுக்காட்டினருக்குப் பல நகங்களில் ஆனிகோபாப்பிலோமா இருந்தது. பல விரல்களில் சிவப்பு அல்லது வெள்ளைக் கோடும் நுனி மொட்டும் இருந்து, குடும்பத்தில் மேற்சொன்ன புற்றுநோய்களும் இருந்தால் மரபணு ஆலோசனை கேட்பது நியாயம். லைக்கன் பிளானஸ், பரம்பரைத் தோல் நோயான டேரியர் நோய் ஆகியவையும் பல நகச் சிவப்புக் கோடு தரும். அவற்றை முதலில் ஒதுக்க வேண்டும்.

வலி எதைச் சொல்கிறது? நகப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. ஒரே புள்ளியில் ஊசிமுனை பட்டாலே உயிர் போகிற வலி, குளிர்ந்த தண்ணீரில் கூடுகிறது என்றால் அது குளோமஸ் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம், அது தீங்கற்றது. வாரக்கணக்கில் வேகமாகப் புடைத்து, வலித்து, எக்ஸ்-ரேயில் எலும்பில் கிண்ணம் மாதிரி குழி தெரிந்தால் கெரட்டோஅகாந்தோமா. அது செதிள் செல் வகைக்கு நெருங்கிய உறவு. விரல் நுனி முழுவதும் சிவந்து வீங்கி, சீழ் என்று கீறியும் சீழ் வராவிட்டால், அபூர்வமாக, உடம்பின் வேறிடத்துப் புற்றுநோய் விரல் எலும்புக்கு வந்ததாக இருக்கலாம். நுரையீரல்தான் அதற்கு அடிக்கடி மூலம்.

இப்போது பயாப்ஸி, அதாவது திசு எடுத்துச் சோதிப்பது. தவறு அதிகம் நடக்கும் இடம் இது. நிறமி ஊறுவது வேரில். கோடு தெரிவது தகட்டில். கோடு தெரிகிற இடத்தில், அதாவது நகப்படுக்கையில், துளையிட்டு எடுத்தால் 'புற்றுநோய் இல்லை' என்று அறிக்கை வரும். அது எதையும் நிரூபிக்காது. விரலை மரத்துப்போகச் செய்து, இரத்தம் வராமல் விரலடியை இறுக்கிக் கட்டி, தோல் மடிப்பைப் பின்னுக்கு விலக்கி, தகட்டைப் பாதி தூக்கி, கோடு பிறக்கும் இடத்தை நேரில் பார்த்து எடுக்க வேண்டும். கோடு 3 மி.மீ.க்குக் குறைவானால் அந்த அளவுத் துளைக்கருவி போதும். அகலமானால் வேரின் மேற்பரப்பை 1 மி.மீ.க்கும் குறைவான மெல்லிய சீவலாக எடுப்பார்கள். தழும்பு குறைவாக இருக்கும். ஓரத்துக் கோடானால் மடிப்போடு சேர்த்து நீளவாக்கில் ஒரு பட்டை. சதைக்கட்டியும் மரு மாதிரியானதும் வேறு: அவற்றில் கட்டியையே, ஆழம் தெரியும்படி எடுக்க வேண்டும்; மேலே சீவிய செதில் உதவாது. வெட்டிய தகட்டையும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள். அறிக்கையில் நகவேர் திசு இருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த 'இல்லை'யை நம்பி வீட்டுக்குப் போகக் கூடாது. பிறகு வளரும் நகம் மெலிந்தோ பிளந்தோ வரலாம் என்பதை முன்பே பேசிக்கொள்வது நல்லது.

குழந்தைகளின் கறுப்புக் கோட்டுக்கு இவ்வளவு அவசரம் வேண்டாம். பெரியவர்களில் பயமுறுத்தும் அடையாளங்களெல்லாம் குழந்தைகளில் சாதாரண மச்சத்திலேயே வரும். அங்கே மெலனோமா மிக மிக அபூர்வம். பெரும்பாலும் படம் எடுத்து, அளந்து, தொடர்ந்து பார்த்தால் போதும்.

உறுதியானால் என்ன ஆகும் என்பது ஆழத்தைப் பொறுத்தது. நகப்படுக்கைக்கும் எலும்புக்கும் நடுவில் கொழுப்புத் திசு கிடையாது. தோலுக்கு அடுத்தது எலும்பின் உறையே. ஆகவே எலும்பைத் தொட்டிருக்கிறதா என்று எக்ஸ்-ரே, தேவையானால் எம்ஆர்ஐ எடுப்பார்கள். மேல்தோலோடு நிற்கும் மெலனோமாவுக்கு நக அமைப்பை முழுவதும் எலும்பு உறைவரை அகற்றி, தோல் ஒட்டு வைத்து, விரலைக் காப்பாற்றிவிடலாம். நகம் மட்டும் இனி வராது. ஆழமாக ஊடுருவியிருந்தால் நுனிக்கணுவை எடுக்க நேரலாம், நிணநீர் முடிச்சையும் சோதிப்பார்கள். போவன் நோயிலும் எலும்பைத் தொடாத செதிள் செல் வகையிலும், ஓரங்களை நுண்ணோக்கியில் பார்த்தபடியே படிப்படியாக வெட்டும் மோஸ் முறை நன்றாகப் பலன் தரும். செதிள் செல் வகை மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது குறைவு, ஆனால் சிகிச்சைக்குப் பின் அதே விரலில் திரும்பி வருவது உண்டு. ஆண்டுக்கணக்கில் அந்த விரலைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மடிப்பில் புதிதாக ஒரு சொரசொரப்பு வந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம்.